பூட்டிய வேனும் பாக்கியம் அக்காவின் கைகளும்

எங்கள் சபை என் கையிலிருந்து வேன் சாவியை வாங்கியது தவறு. வாங்கி, அதை வேறு யார் கையிலும் கொடுக்காதது அதைவிடப் பெரிய தவறு.

முதலிலேயே சொல்லிவிட்டேன். கோபம் வருகிறவர்கள் இங்கேயே அன்ஃபாலோ செய்துகொள்ளலாம் (ஏற்கெனவே சிலர் செய்தாகிவிட்டது).

புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். எனக்குப் பாட வராது. பிரசங்கம் வராது. வேதாகமத்தைக்கூட நானாக எழுத்துக் கூட்டிப் படித்தவன்தான்.

ஓய்வு பெற்றதும் ஆண்டவரிடம் கேட்டேன்: "இந்த ஸ்டீரிங்கைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாதே, இனி என்னை எதற்கு வைத்திருக்கிறீர்?"

சில நாட்களில் சபையில் வேன் ஓட்ட ஆள் தேடினார்கள். அதற்கு மேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

பட்டர்வொர்த் அடுக்குமாடிகளில் இருக்கும் வயதானவர்களை ஞாயிறு காலை ஏற்றி, கடல் பாலம் கடந்து, எதிரே தீவில் இருக்கும் ஜார்ஜ் டவுன் ஆலய வாசலில் இறக்குவேன். அதுதான் என் ஊழியம். அதற்காகத்தான் பிறந்தேன் என்றே நினைத்திருந்தேன்.

எழுபது வயது முடிந்ததும் சபைச் செயலாளர் ஸ்டீபன் வந்தார்.

"அங்கிள், இன்சூரன்ஸ் பிரச்சனை லா. எழுபதுக்கு மேல ஓட்டக்கூடாதுன்னு கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"சரி தம்பி. இனிமே யாரு ஓட்டுவா?"

"பாப்போம் அங்கிள். இப்பதான் லைவ் இருக்கே, வீட்டுலேயே உக்காந்து பாக்கலாம்."

அன்றிலிருந்து வேன் ஆலய வாசலில் நிற்கிறது. அதற்கு நேர் மேலே இந்த ஆண்டின் பேனர்: 'விசுவாசத்தைச் செயலில் காட்டுவோம்'. (வேன் அதைத் தினமும் படித்துக்கொண்டிருக்கிறது.)

போன மாதம், அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் இராப்போஜன ஞாயிறன்று, ஆராதனை முடிந்து பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். எண்பதைத் தாண்டியவர். தனியாக இருக்கிறார். என் வேனில் எப்போதும் முதல் சீட் அவருக்குத்தான்.

மேசையில் பிஸ்கட் டின் மேல் போனைச் சாய்த்து வைத்திருந்தார். அதன் முன்னே ஒரு தட்டில் கிரீம் கிராக்கர் ஒன்று, சின்ன கிளாஸில் சிவப்புச் சிராப் சர்பத். இரண்டையும் இஸ்திரி போட்ட வெள்ளைக் கைக்குட்டையால் மூடியிருந்தார், ஆலயத்தில் மூடுவது போலவே.

போனில் பாஸ்டர் பாத்திரத்தை உயர்த்திப் பிடித்தபடி உறைந்துபோயிருந்தார். டேட்டா தீர்ந்திருந்தது.

"என்னக்கா, இன்னும் எடுக்கலையா?"

"பாஸ்டர் இன்னும் குடுக்கலையே தம்பி."

"லைன் கட்டாயிருச்சுக்கா. நீங்களே எடுத்துக்கலாம்."

"நானா எடுத்தா அது டீக்குத் தொட்டுக்கற பிஸ்கட்டு லா. கையில குடுத்தாதான் இராப்போஜனம்."

பிஸ்கட் நமத்துப் போயிருந்தது. சிராப்பில் எறும்பு.

"அடுத்த மாசம் நான் கூட்டிட்டுப் போறேன்க்கா."

"எதுல? ஒன் மோட்டார் பைக்குலயா?"

"பெர்ரி கப்பல் ஓடுதுல்ல."

கிராப் டாக்சி பிடித்திருக்கலாமே என்பீர்கள். அக்காவுக்கு முட்டி மடங்காது, தாழ்வான காரில் ஏற முடியாது. பெர்ரி நிலையம் அவர் வீட்டிலிருந்து தள்ளிக்கொண்டு போகும் தூரம்தான்.

இந்த ஞாயிறு, கீழ் வீட்டுச் சீன அம்மாவிடம் சக்கர நாற்காலி இரவல் வாங்கினேன். எதற்கு என்றுகூட அவர் கேட்கவில்லை.

போய்ப் பார்த்தால் லிப்ட் ரோசாக். பழுதாகிக் கிடந்தது.

வேறொரு நாள் போகலாம் என்றேன். அக்கா கேட்கவில்லை. வெள்ளைச் சேலையோடு படியில் உட்கார்ந்துவிட்டார். காலை நீட்டி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக மூன்று மாடி இறங்கினார்.

ஒரு பெர்ரி தப்பியது. அடுத்ததில் கடந்து, லிட்டில் இந்தியா வழியாகத் தள்ளினேன். கடை நடைபாதை முழுக்கத் துணிமூட்டையும் மோட்டார் பைக்கும். ரோட்டில் இறங்கித் தள்ளினேன். பின்னால் ஹாரன். அக்கா திரும்பிப் பார்த்து, "இருங்கப்பா, ஆண்டவர் வீட்டுக்குத்தான போறோம்" என்றார்.

நாங்கள் நுழைந்தபோது எல்லாரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

ஸ்டீபன் ஓடிவந்தார். "ஐயோ அங்கிள், இப்பதான் முடிஞ்சுது. பாஸ்டர் அடுத்த சர்வீஸ் எடுக்கக் கூலிமுக்குக் கெளம்பிட்டாரு. அடுத்த மாசம் பாப்போமே."

"அடுத்த மாசமும் இவங்க உக்காந்துகிட்டே மூணு மாடி எறங்கணுமா தம்பி?"

அவர் வேனைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"சண்ட போடாத தம்பி. என்ன முன்னால தள்ளு," என்றார் அக்கா.

தள்ளினேன். விரிப்பை மடித்து எடுத்துவிட்டார்கள். வெறும் மேசை. அக்கா இடது கைமேல் வலது கையை வைத்து, அப்பம் வாங்குவது போல நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். கொடுக்க ஆள் இல்லை.

திரும்பும் பெர்ரியிலும் அந்தக் கைகள் மடியில் அப்படியே இருந்தன.

"தண்ணி குடிக்கிறீங்களாக்கா?"

"வேணாம் தம்பி. கைய எடுக்க மனசு வரல."

வீட்டுக்கு வந்தால் லிப்ட் ஓடுகிறது (அதுவும் கமிட்டி மெம்பர் போல).

இனி நடக்க வேண்டியது இதுதான்.

ஸ்டீபன் தம்பி, எழுபதுக்குக் கீழே லைசென்ஸ் உள்ள ஒருவரை அடுத்த இராப்போஜன ஞாயிறுக்குள் நீங்கள் வேனில் உட்கார வைக்க வேண்டும். யார் யார் சும்மா இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே டேக் செய்ய வைக்காதீர்கள்.

பாஸ்டர் இந்த வாரமே அக்கா வீட்டுக்குப் போய், அவர் கையில் கொடுக்க வேண்டும். லிப்டை நம்ப வேண்டாம்.

வாலிபர் சங்கம் வேனைக் கழுவ வேண்டும். துடைக்கத் துணி இல்லையென்றால் மேலே பேனர் இருக்கிறது.

நான் ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடு காட்டுவேன். ஸ்டீரிங்கைத் தொட மாட்டேன். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று ஆண்டவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரிய வேண்டாம்.

பாக்கியம் அக்கா செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவர் கையை நீட்டியாகிவிட்டது.