கைதி அல்லாதவருக்குப் பார்சல் இல்லை

மிங்கலா தாங்ஞுன்ட் சந்தையில் பலாதா, அதாவது பரோட்டா, போடும் மைமூன், மாவைக் கல்லில் புரட்டிக்கொண்டே பக்கத்துக் கடையோடு சண்டையும் பிடிப்பாள். பலாதா மட்டும் கருகாது. அவள் கணவர் தஸ்தகீர் நேர்மாறு, இருக்கிற இடம் தெரியாத மனிதர். சோதனைச் சாவடிச் சிப்பாய்களிடம் ஒரே ஒரு நாள், "எதுக்கு அந்தப் பையனை அடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் சிறை.

அந்த இரண்டு வருஷமும் கருவாட்டுப் பொரியலும் சர்க்கரை மாத்திரையும் பார்சல் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். விடுதலை நாளில் புது லுங்கியோடு சிறை வாசலில் நின்றாள். யார் யாரோ வந்தார்கள், அவர் வரவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். அந்த அடுத்த வாரம் மூன்று மாதமாகியும் வந்தபாடில்லை.

அதைவிடக் கொடுமை, பார்சலையும் திருப்பித் தள்ளினார்கள்.

"தண்டனை முடிஞ்சுபோச்சு. அவர் இப்ப கைதி இல்லே. கைதி இல்லாதவங்களுக்குப் பார்சல் வாங்க மாட்டோம்," என்றான் சிறையில் பார்சல் வாங்கும் ஜன்னலுக்குள் இருந்தவன்.

"அப்ப வெளியே விடுங்க, சயா." அந்த ஊரில் ஐயாவுக்குச் சயா.

"அதுக்கு மேலேயிருந்து உத்தரவு வரணும்."

"உள்ளே வெச்சிருக்க எந்தக் கோர்ட்டு உத்தரவு இருக்கு?"

அவன் அவளுக்குப் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டான். சாப்பாட்டை மறுக்க மட்டும் சட்டம் தெரிகிறது இந்தப் பாவிகளுக்கு.

கோர்ட்டு உத்தரவில்லாமல் ஒருவரை ஒரு நாளுக்கு மேல் அடைத்துவைக்கக் கூடாது என்று அரசியல் சாசனமே சொல்வதாக வக்கீல் விநாயகமூர்த்தி சொன்னார். தன் அறை ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார். நாட்டின் சட்டத்தைத் திருட்டுச் சாமான் மாதிரி ஒளித்துப் பேச வேண்டியிருக்கிறதே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அவர் போட்ட மனுவுக்குப் பதிலே இல்லை.

அந்தச் சமயத்தில் அதே சிறையிலிருந்து விடுதலையாகி வந்த ஜாபர் கடைக்கு வந்தான். "அண்ணன் உள்ளேதான் இருக்காரு, அக்கா. மாத்திரை இல்லாம கால் புண்ணு ஆறவே இல்லே. நடக்க முடியலே."

மறுநாளே மாத்திரையோடு ஜன்னலுக்கு ஓடினாள். இந்த முறை அவன் பார்சலைத் தள்ளவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டான்.

"புதுக் கேஸ் போட்டிருக்கு. இப்ப விசாரணைக் கைதி. இனிமே தாராளமா கொண்டு வாங்க."

அப்பாடா, மாத்திரை போய்ச் சேரும் என்று மனசு குளிர்ந்தது. "ரொம்ப நன்றி, சயா," என்று கும்பிடக்கூடச் செய்தாள்.

வாசலைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. கட்டிய கணவரை மறுபடி கைதியாக்கி, அதற்கு அவளையே நன்றி சொல்ல வைத்துவிட்டார்கள். வீடு இருக்கும் தாகேதாவுக்குப் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றவளுக்கு, இறங்கும்வரை ஆத்திரம் அடங்கவே இல்லை.