மே மாதத்தின் வருகைப் பதிவு

பதினாறு, பதினேழு... ஆக்சிலியா டீச்சரின் விரல் காற்றில் அப்படியே நின்றது. மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அதே பதினேழுதான். நேற்றும் பதினேழு. பதினெட்டாவது பிள்ளை வெண்மதி.

மே மாதம், காலை ஐந்தே முக்கால். பொம்மிடியிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் அந்த அரசுப் பள்ளி மைதானத்தில் அதற்குள்ளேயே மண் சூடேறத் தொடங்கியிருந்தது. பெண் பிள்ளைகள் கபடிக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று டீச்சரின் முகத்தையே பார்த்தார்கள்.

"யாருக்காச்சும் தெரியுமா? காய்ச்சலா?"

வெண்மதியின் தெருவிலிருந்து வருகிற ஒருத்தி குனிந்து ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினாள். டீச்சருக்கு அது போதும்.

ஆக்சிலியாவுக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்திரண்டு வருடமாக உடற்கல்வி ஆசிரியை. சேலைக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. கழுத்தில் ஜெபமாலையும் விசிலும் எப்போதும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும். அவசரத்தில் எதைப் பிடித்து இழுக்கிறோம் என்று அவருக்கே தெரியாது. பள்ளி நேரத்தில் அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் கிடையாது. சாப்பாடும் நின்றபடிதான். ஒரு பிள்ளை திட்டு வாங்கப்போகிறது என்றால் முதலில் அதன் கையில் இரண்டு வேர்க்கடலையைக் கொடுப்பார். அதனால் அவரிடம் கடலை வாங்கவே பிள்ளைகள் பயப்படுவார்கள்.

கோடை விடுமுறையில் அவர் கபடிப் பயிற்சி நடத்துவது மாவட்டப் போட்டிக்காக என்று ஊர் நினைக்கிறது. அவரும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார். நிஜம் வேறு. ஏப்ரல் கடைசியில் மணி அடித்தால், ஜூனில் திரும்ப அடிக்கும்வரை இந்தப் பிள்ளைகளின் முகத்தை யாரும் தினமும் பார்ப்பதில்லை. அந்த இடைவெளியில்தான் காரியங்கள் நடந்து முடிகின்றன. வராதவளுக்கு முதல் நாள் போன் போடுவார். இரண்டாம் நாள் வீட்டுக்கே போய்விடுவார். "லீவு ஸ்கூலுக்குத்தான் வுட்டிருக்கு, உனக்கில்ல" என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம்.

மார்ச் மாத ஆசிரியர் கூட்டத்தில் இதையே பெரிதாகக் கேட்டுவிட்டார். "ஒரேயடியா இத்தனை நாள் எதுக்கு சார்? பத்துப் பத்து நாளாப் பிரிச்சி வுட்டுட்டு வருசம் பூரா ஸ்கூலு நடத்தலாமே?"

கணக்கு வாத்தியார் மாதவராஜ் எழுந்துவிட்டார். "மேடம், எங்க எட்டாம் வகுப்பு ஷீட்டுக் கூரை. மே மாசம் அதுக்குள்ள நீங்க ஒரு மணி நேரம் இருந்து காட்டுங்க. புள்ள மயங்கி வுழுந்தா யாரு பதில் சொல்றது? மாங்கா அடிக்கிறது, கெணத்துல நீஞ்சுறது, அதெல்லாம் புள்ளைங்களுக்கு வேணாமா?"

அவர் சொன்னதில் தப்பு இருப்பதாக ஆக்சிலியாவுக்குத் தோன்றவில்லை. "எல்லாப் புள்ளைக்கும் கெணறு கெடைக்கறதில்ல சார்" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஸ்டாஃப் ரூமில் அவருக்கு யாரும் டீ ஊற்றி வைக்கவில்லை.

அவர் சொல்லாமல் விட்டது மாணவி கலைமதியின் கதையை. போன வருடம் மே மாதம் கலைமதிக்குக் கல்யாணம் என்று காதில் விழுந்ததும், தன் பெயர் சொல்லாமல் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தார். அதிகாரிகள் வந்தார்கள், கல்யாணம் நின்றது. ஆக்சிலியா நிம்மதியாக வீட்டில் இருந்துவிட்டார். பத்து நாள் கழித்துக் கர்நாடகப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குக் கூட்டிப் போய்த் தாலி கட்டிவிட்டார்கள். ஜூனில் வகுப்பில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது, ஒரு பிள்ளை மட்டும் "அவ வரமாட்டா மிஸ்" என்றது.

ஆறரை மணிக்குப் பயிற்சியை நிறுத்திவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார்.

மலையடிவாரத்தில் வெண்மதியின் வீடு. வாசலில் நான்கு மூங்கில், குழிக்குள் நட்டபடி நின்றன. வெண்மதியின் அம்மா நிர்மலாதேவி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"வாங்க டீச்சர். புள்ள அரூர்ல அவங்க பெரியம்மா வூட்டுக்குப் போயிருக்குதுங்க."

"இது என்னம்மா, மூங்கிலு?"

"மாட்டுக் கொட்டாய்ங்க."

ஆக்சிலியா மூங்கிலை அண்ணாந்து பார்த்தார். "மாட்டுக் கொட்டாய்க்கு மாவிலை கட்டுவாங்களா?"

வீட்டுக்குள்ளிருந்து வெண்மதியின் பெரியப்பா பச்சியப்பன் வெளியே வந்தார். வந்த வேகத்தில் ஸ்கூட்டியிலிருந்து சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஸ்கூலு லீவுதானுங்களே? லீவுல உங்களுக்கு இங்க என்ன வேல? நாளைக்கழிச்சி காரியம். சாப்புட வாங்க, சந்தோசம். தடுக்க வராதீங்க."

பக்கத்து வீடுகளில் ஆட்கள் எழுந்து நின்றார்கள். ஆக்சிலியா பையிலிருந்து போனை எடுத்து 1098-ஐ அழைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார். "என் பேரு ஆக்சிலியா. ஸ்கூல் டீச்சர். பதினாலு வயசுப் புள்ளைக்கு நாளைக்கழிச்சி கல்யாணம் வச்சிருக்காங்க. நான் அவங்க வூட்டு வாசல்லதான் இருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் இங்கதான் இருப்பேன்." ஊர்ப் பெயரையும் தெருவையும் சொன்னார்.

பச்சியப்பன் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். யாரோ ஒருவர் குறுக்கே விழுந்து பிடித்தார். "பொம்பளைங்க... வேணாம்ணா, வுடுங்க."

ஆக்சிலியா வாசல் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம். யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. ஒருவர், "இனிமே நம்ம தெருப் புள்ள ஒண்ணுகூட அந்த கிரவுண்டுக்குப் போவக் கூடாது" என்று சத்தமாகவே சொன்னார். ஆக்சிலியா மனதுக்குள் எண்ணினார். இந்தத் தெருவிலிருந்து மட்டும் ஐந்து பிள்ளைகள் வருகிறார்கள்.

வெயில் ஏறியதும் நிர்மலாதேவி எதிரில் வந்து நின்றாள். குரல் தாழ்ந்திருந்தது.

"உங்களுக்கு என்ன டீச்சர்? அவங்க அப்பா பெங்களூர்ல கட்டட வேலைக்குப் போயிட்டாரு. நான் வெள்ளனவே மாந்தோப்புக்குப் போனா அந்திக்குத்தான் வரேன். எட்டு மணிக்கு நீங்க ஆட்டத்த முடிச்சி அனுப்பிடறீங்க. எட்டு மணிக்கு மேல? ரெண்டு பசங்க பைக்ல இந்தத் தெருவையே சுத்திக்கிட்டுக் கெடக்கறானுங்க. கதவச் சாத்திக்கிட்டு உள்ளாற இருடீன்னு சொல்லிட்டுப் போறன். தோப்புல கையி மாங்கா பொறுக்குது, உசுரு இங்க கெடக்குது. ஸ்கூலு இருக்கற வரைக்கும் இந்தப் பேச்சே நான் எடுக்கல. லீவு வுட்டாங்க, எடுத்தன்."

இத்தனை வருடமாகப் பிள்ளைகளை ஐந்தே முக்காலுக்கு எண்ணிய ஆக்சிலியா, எட்டு மணிக்கு மேல் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எந்த அம்மாவையும் கேட்டதில்லை.

அதிகாரிகளின் ஜீப் வந்தது. அரூருக்கு ஆள் அனுப்பி வெண்மதியை அழைத்து வந்தார்கள். பதினெட்டு முடியாமல் கல்யாணம் இல்லை என்று அம்மாவும் பெரியப்பாவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பச்சியப்பன் சாவியை மண்ணில் விட்டெறிந்தார். வெண்மதி கண்ணைத் துடைக்கவும் இல்லை, டீச்சர் பக்கம் திரும்பவும் இல்லை. ஜீப் போன பிறகும் ஆக்சிலியா அங்கேயே இருந்தார். மூங்கிலைப் பிடுங்கி ஓரமாகப் போட்டதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

மறுநாள் மைதானத்தில் பதின்மூன்று பேர். அதற்கு மறுநாளும் பதின்மூன்று. சாயங்காலம் ஸ்கூட்டியில் அந்தத் தெருவைத் தாண்டிப் போனார். வெண்மதி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. இறங்கி, அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்பதற்கு டிவி ஓடும் சத்தமாவது கேட்கும்வரை ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டே நடந்தார். தெருவில் ஒருவரும் அவரை "வாங்க" என்று சொல்லவில்லை.

மூன்றாம் நாள் விடியும்போது நிர்மலாதேவி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி கேட்டுக்கு வந்தாள். பின்னால் அதே தெருவிலிருந்து இன்னும் இரண்டு அம்மாக்கள், தோப்பு வேலைக்குத் தலையில் துண்டு கட்டி, தூக்குச்சட்டியோடு. ஆளுக்கொரு பெண் பிள்ளை.

"அந்திக்கு அஞ்சு மணிக்கு வந்து கூட்டிக்கறோம்" என்றாள் நிர்மலாதேவி. முகத்தைப் பார்க்கவில்லை, பதிலுக்கும் நிற்கவில்லை. மூன்று பேரும் ரோட்டில் இறங்கி நடந்துவிட்டார்கள்.

மூன்று பிள்ளைகளும் சோற்று டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றன. ஆக்சிலியா ஒரு நிமிடம் அவர்களையும் வானத்தையும் பார்த்தார். பிறகு விளையாட்டுச் சாமான் அறையைத் திறந்து, கிழிந்த வலைகளையும் துருப்பிடித்த கம்பங்களையும் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டார். அறை காலியானதும் ஷூவைக் கழற்றினார். ஒரு மூலையில் சுவரோடு குதிகாலை ஒட்டி வைத்து, அடிக்கு முன் அடியாக வைத்து, எத்தனை பேர் உட்காரலாம் என்று அளக்கத் தொடங்கினார்.