மாணிக்யாம்பாவும் பொடி உப்பும்

ஆந்திராவில், தணுகு டவுனில் மாணிக்யாம்பா மதித்தது தன் பித்தளைச் சோலாவை மட்டும்தான். அந்த அளவுப்படியைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்கு இளப்பம். எதிர்வீட்டு ஆவக்காய் ஊறுகாயை முகர்ந்துவிட்டு, "இது மாட்டுக்கு வெச்சதா?" என்று வீட்டுக்காரியிடமே கேட்டவள். மகனை "அடுப்புக்கும் அலமாரிக்கும் வித்தியாசம் தெரியாதவன்" என்பாள்.

ஆவக்காய்க்கு அவள் கணக்கு எளியது. மிளகாய்த்தூள் ஒரு சோலா, கடுகுத்தூள் ஒரு சோலா, உப்பு ஒரு சோலா.

அந்த மே மாதம் மருமகள் ஸ்ரவந்தியின் அம்மா ஹைமவதி, ஹைதராபாத்திலிருந்து பைக்குள் மின் தராசோடு வந்து இறங்கினாள். சம்பந்திகள் ஒருவரையொருவர் 'வதினகாரு', அதாவது அண்ணி என்றுதான் கூப்பிடுவார்கள். மரியாதை அந்த வார்த்தையோடு சரி.

"எடை போட்டுக் கலந்தா வருஷா வருஷம் ஒரே ருசி வரும், வதினகாரு."

"ஏன், உங்க ஊர்ல யாருக்கும் நாக்கு கிடையாதா? மிஷின்தான் ருசி பாக்குமா?"

"நாக்கு இருக்கு. சோலாதான் ஏமாத்தும். ஒரு சோலா மிளகாய்த்தூளும் ஒரு சோலா உப்பும் ஒரே எடையா? உப்பு ரெண்டு மடங்குக்கு மேல கனக்குமே."

"கனக்கட்டும். நான் என்ன தலையில சுமந்துட்டா போறேன்?"

ஸ்ரவந்தி சிரிப்பை இருமலாக மாற்றினாள். மாணிக்யாம்பா அதையும் கவனித்து வைத்துக்கொண்டாள்.

ஆளுக்கொரு ஜாடி போடுவது என்று முடிவாயிற்று. வழக்கமாகக் கல்லுப்பைக் காயவைத்துக் கொரகொரப்பாக இடிப்பாள் மாணிக்யாம்பா. அம்மாவுக்கு வேலை மிச்சமாகட்டுமே என்று மகன் அந்த வருஷம் பாக்கெட் பொடி உப்பு வாங்கி வந்துவிட்டான். ஹைமவதி அதைப் பார்த்தாள்.

"இது நைசு உப்பு வதினகாரு. சோலாவுல நெருக்கமா உக்காரும். கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"உப்பு உக்காருது, எழுந்திருக்குதுன்னெல்லாம் உங்க ஊர்லதான் பாடம் நடத்துவாங்க போல."

சொன்னதோடு விடவில்லை. தலைதட்டிப் போட வேண்டிய உப்பை, சம்பந்தி பார்க்கட்டும் என்றே குவித்துப் போட்டாள்.

மூன்றாம் நாள் மாணிக்யாம்பாவின் ஜாடியைக் கிளறி, சூடான சோற்றில் பிசைந்தார்கள். முதல் கவளத்திலேயே மகன் தண்ணீர்ச் செம்பைத் தேடினான்.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் கெடாது," என்றாள் மாணிக்யாம்பா.

ஹைமவதி தன் ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மருமகன் தட்டில் வைத்தாள். பேசியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். அதுதான் மாணிக்யாம்பாவுக்கு எரிச்சல். சம்பந்தி தன் ஜாடியையும் தராசையும் விட்டுவிட்டு ஊருக்குப் போனாள். வீடே அந்த ஜாடியைக் காலி செய்தது. மாணிக்யாம்பா தன் ஊறுகாயை வருஷம் முழுக்கத் தான் ஒருத்தியாகவே தின்றாள், நெய்யை அள்ளி ஊற்றிக்கொண்டு, முகம் சுளிக்காமல்.

ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. இடித்த உப்பு ஒரு சோலா, பொடி உப்பு ஒரு சோலா, இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தாள். பொடி உப்பு நன்றாகவே கனத்தது. தராசுக்குக் கோளாறு என்று மறுபடி வைத்தாள். அதே எண்தான் வந்தது. காது மடல் சூடேற, தராசை முந்தானையால் துடைத்து இருந்த இடத்தில் வைத்தாள்.

அடுத்த கோடையில் கல்லுப்பு வாங்கித் தானே இடித்தாள். ஹைமவதி போனில் விசாரித்தாள்.

"பாக்கெட் உப்புக்கு மானம் மரியாதை கிடையாது வதினகாரு. அதான் இடிச்சுட்டேன்."

"அப்படியா? ஒரு சோலாவுக்கு எவ்வளவு எடை வித்தியாசம் வந்துது?"

மாணிக்யாம்பா போனை மருமகள் கையில் திணித்தாள். "உங்கம்மாவுக்கு வேற வேலையே கிடையாது," என்றாள்.