ஷில்லாங்கிலிருந்து சேந்தமங்கலம் வந்த ஜெபம்

கொல்லிமலை போகிற வழியில் சேந்தமங்கலத்தில் இறங்கிப் பார்க்க ஏதாவது உண்டா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நான் அங்கே முதன்முதலில் போனது 1985 மே மாதம். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஷில்லாங்கிலிருந்து வந்த ஒரு பெரியவரை அவர் மகள் வீட்டில் கொண்டுபோய் விட.

மகள் பெயர் இபான். அவளைக் கட்டியவன் என் நண்பன் தாவீது, நாமக்கல் லாரி டிரைவர். அசாம் பக்கம் லோடு போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை வழியில் இருந்த சர்ச்சில் ஆராதனைக்குப் போய், அங்கே அவளைப் பார்த்தவன். அவள் அப்பாவுக்குச் சம்மதமில்லாத கல்யாணம். இப்போது பேரனுக்கு ஞானஸ்நானம் என்று தகவல் போனதும், வருகிறேன் என்று ஒரு தந்தி மட்டும் வந்தது. சேலத்தில் வாத்தியாராக இருந்த என்னை ஜங்ஷனுக்கு அனுப்பினான் தாவீது. எனக்கு ஆங்கிலம் வரும் என்பது ஒரு காரணம். மாமனாரைத் தனியாகச் சந்திக்க அவனுக்குப் பயம் என்பது இன்னொன்று.

மெட்ராஸ் ரயிலிலிருந்து இறங்கியவர், அந்த வெயிலில் கோட் போட்டிருந்தார். பெயர் ஹென்றி. கை கூப்பி "குப்லே" என்றார். வணக்கம், நன்றி, போய் வருகிறேன் எல்லாவற்றுக்கும் அவர்கள் மொழியில் அந்த ஒரே சொல்தானாம். கடவுள் ஆசீர்வதிக்கட்டும் என்று பொருளாம். நம் சபைகளில் 'ஸ்தோத்திரம்' சொல்வதை நினைத்துக்கொண்டேன்.

சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ராசிபுரம் வழியாக ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் அவர் பையிலிருந்து பாக்கும் வெற்றிலையும் எடுத்து எனக்கும் கொடுத்தார். அவர்கள் ஊர்ப் பச்சைப் பாக்கு. மென்றதும் காது சூடாகி, சட்டை நனைந்துவிட்டது. அவர் சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ராசிபுரம் தாண்டியதும் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்: "நான் ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. மகளையும் குழந்தையையும் கூட்டிப்போக வந்திருக்கிறேன். அந்தப் பையன் கிறிஸ்தவன் என்று சொன்னதே பொய் என்று நினைக்கிறேன். பொய் சொன்ன வீட்டில் அவள் இருக்கக் கூடாது."

நாமக்கல்லில் டவுன் பஸ் மாறி, கொல்லிமலை வலது பக்கம் பெரிதாகிக்கொண்டே வர, அடுத்த பன்னிரண்டு கிலோமீட்டரும் போனோம்.

வீட்டு வாசலில் தாவீதின் அம்மா மரியாள் நின்றிருந்தார். "வாங்க சாமி. எத்தன தூரம் வந்திருக்கீங்க. ஊட்டுக்குள்ள வாங்க, மொதல்ல தண்ணி குடிங்க" என்று, அவருக்குத் தமிழ் தெரியாது என்பதையே பொருட்படுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார். இபான் ஓடி வந்து அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். தாவீது சுவரோரம் நின்றான்.

மறுநாள் ஞாயிறு. ஓடு வேய்ந்த சின்ன ஆலயம், தரையில் பாய். போதகர் தண்ணீர் தெளித்து, குழந்தைக்கு சாமுவேல் என்று பெயரிட்டார். யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் மரியாள் குழந்தையை எடுத்துக்கொண்டு போய் ஹென்றி ஐயாவின் கையில் வைத்தார். "நீங்க ஜெபம் பண்ணுங்க சாமி" என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"எனக்கு என் மொழியில்தான் ஜெபம் வரும்" என்றார் அவர்.

"அதுக்கென்னங்க, கர்த்தருக்குத் தெரியாத பாஷையா" என்றார் மரியாள்.

அவர் எழுந்து நின்று தொடங்கினார். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. நடுவில் நிறுத்திவிட்டார். அப்போது பாயிலிருந்த கிழவர்கள், மில் வேலைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து "ஆமென்" என்றார்கள். அவர் கண்ணைத் திறந்து சபையைப் பார்த்தார். பிறகு தொடர்ந்தார். அவர் மூச்சு விடும் இடமெல்லாம் சபை ஆமென் சொன்னது. மலைகளுக்கு அப்பால் எங்கோ பிறந்த ஒரு மொழி, அந்த ஓட்டுக் கூரைக்குக் கீழே அந்நியமாகவே இல்லை.

முடிந்ததும் இபான் அழுதுகொண்டே என்னிடம் சொன்னாள்: "என்னையக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்னு ஆண்டவர்கிட்ட சொன்னாருங்க. அதுக்கும் நீங்கெல்லாம் ஆமென் சொன்னீங்க. பொறவு, இந்த ஊட்டுல பொய் இல்ல, என் மகளுக்கு இது நல்ல ஊடுன்னு சொன்னாரு."

தாவீது தயங்கித் தயங்கி முன்னால் வந்தான். பெரியவர் குழந்தையை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் தலையில் கை வைத்து "குப்லே" என்றார். "ஸ்தோத்திரமுங்க" என்றான் அவன். பெரியவர் இரண்டு வாரம் தங்கி, கொல்லிமலையும் ஏறிப் பார்த்துவிட்டுத் தனியாகத்தான் ஊர் திரும்பினார்.

அதற்கு முன்பு 'பரிசுத்தமாயிருக்கிற பொதுவான சபை' என்று, ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் விசுவாசப்பிரமாணத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதன் அளவு என்ன என்று அன்றுதான் பார்த்தேன்.

போகிறவர்களுக்கு: நாமக்கல்லிலிருந்து பஸ் அடிக்கடி உண்டு. வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், மலை தெரியும். மே மாதம் வேண்டாம், வெயில் தாங்காது. ஞாயிறு காலை போனால் ஆராதனையில் உட்காரலாம். உங்களோடு வந்த வெளிமாநிலத்தவரை யாராவது ஜெபிக்கச் சொன்னால், தமிழ் வராதே என்று அவர் தயங்க வேண்டாம். தெரிந்த மொழியில் சொல்லட்டும். ஆமென் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்கள்.