டொரன்டோவுக்கு எவ்வளவு தூரம்

குதிரைகளின் கழுத்துமணிச் சத்தம் முதலில் வரும். பனிமூட்டத்துக்குள்ளிருந்து குதிரைக்கார மாமா பிறகுதான் வருவார். எங்கள் மலையூருக்கு அப்போது ரோடு கிடையாது. பெரியகுளத்திலிருந்து அரிசியும் உப்பும் மேலே வருவதும், எங்கள் பூண்டு கீழே போவதும் அவர் குதிரைகளின் முதுகில்தான். அவரோடு நடப்பவர்கள் ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது: இன்னும் எவ்வளவு தூரம் என்று. "ஏலே, கேட்டா வழி நீண்டுக்கிடும்" என்பார்.

நான் மூணாங்கிளாஸ் தாண்டாதவன். ஆனால் இன்றைக்கு ஆறு லாரி ஓடுகிறது, எல்லாம் நானே உண்டாக்கியது. எந்த லாரி எத்தனை மணிக்கு வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் நிற்கும் என்று கட்டிலில் படுத்தபடியே சொல்வேன். இளவயதிலும் தூரக் கணக்கில் அப்படித்தான். அந்தத் திமிரில்தான் ஒரு தப்புச் செய்தேன். என் மனைவிக்குத் தலைப்பிரசவ வலி எடுத்து, நாற்காலியில் மூங்கில் கட்டி நாலு பேர் அவளைத் தூக்கிக்கொண்டு பெரியகுளத்துக்கு இறங்கினோம். மாமா முன்னால் நடந்தார். அவள் தூரம் கேட்கும்போதெல்லாம், "அந்தா தெரியுதுல்ல, அந்த மரந்தான் தாயி" என்பார். மரம் வந்ததும் அடுத்த மரத்தைக் காட்டுவார். அவளும் பல்லைக் கடித்துக்கொள்வாள். நான் குறுக்கே விழுந்து, "இன்னும் பாதிகூட வரலை" என்றேன். அவள் உடைந்து அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்; மகள் நல்லபடியாகப் பிறந்தாள். மாமா மட்டும் என்னிடம் ஒரு மாசம் பேசவில்லை.

அந்த மகளுக்குத்தான் இப்போது டொரன்டோவில் தலைப்பிரசவம். மனைவி முன்னமே போய்விட்டாள்; பூண்டு அறுவடையை முடித்துவிட்டு நான் கிளம்பினேன். மருமகன் போனில், "சென்னையிலேர்ந்து பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல மாமா. நடுவுல ஒரு எடத்துல மாறணும். ஒரு நாள் ஆயிரும்" என்றார். "ஆறு லாரி வச்சிருக்கவன்கிட்டயா தூரம் சொல்றீங்க?" என்றேன். விமானம் மாறுகிற இடத்தில் மனைவி கூப்பிட்டாள். "வலி எடுத்துருச்சுங்க. பிரஷர் ஏறிக் கெடக்காம். அப்பா எங்க, அப்பா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. வெரசா வாங்க."

இரண்டாவது விமானத்தில் முன்சீட்டின் முதுகில் ஒரு சின்னத் திரை. மிச்ச தூரம், மிச்ச நேரம் இரண்டும் அதில் தெரிந்தன. பார்க்கப் பார்க்க நகரவே மாட்டேன் என்றது. தோள் துண்டை எடுத்துத் திரைமேல் போட்டு மூடினேன். கீழே மேகம், மார்கழிக் காலையில் எங்கள் பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடக்கும் மூட்டம் போலவே. மேற்கே போவதால் வெயிலும் சாயவில்லை; ஒரே பகல் நீண்டுகொண்டே கிடந்தது. தூக்கமா விழிப்பா, தெரியவில்லை. மாமா செத்து எத்தனையோ வருஷம் ஆகிறது. ஆனாலும் இறக்கைக்கு அந்தப்பக்கம் குளம்புச் சத்தம் கேட்டபடி இருந்தது. ஒவ்வொரு மேகக் குவியலாகப் பார்த்து, அந்தா, அதுதான் தாயி, என்று மகளுக்கு மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

இறங்கிப் போனைத் திறந்ததும் மனைவிதான். "பேத்திங்க. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவளே, "பொறந்து மூணு மணி நேரமாச்சு. நீங்க அப்ப எங்கன இருந்தீங்க?" என்றாள். எந்த ஊர், எந்தக் கடல், எனக்கே தெரியாது. மேகத்துக்கு மேல என்றேன். எங்கள் மலைக்காரர்களில் அங்கே இருந்தபடி தாத்தா ஆனவன் வேறு எவன் இருக்கிறான்?