டீச்சர் போன பிறகு

நான் ஒரத்தநாட்டில் வேளாண்மை அலுவலராக இருக்கிறேன். பகல் முழுக்கப் பேச்சுதான். நெல்லில் விழும் புகையான் பூச்சிக்கு என்ன மருந்து, நாற்றுக்கு எத்தனை நாள் என்று வயல் வரப்பில் நின்று தொண்டை வற்றப் பேசுவேன். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்தால் பேச்சு நின்றுவிடும். சில வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நின்றால் திங்கட்கிழமை காலையில்தான் மறுபடி வாய் திறப்பேன். முதல் சொல் கரகரவென்று, யாருடைய குரலோ மாதிரி வரும்.

முன்பு அப்படி இல்லை. பதினோரு வருஷம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள் இருந்தோம். இன்னொருவர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர், கூத்தாநல்லூர்க்காரர். இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று ஒன்றாகக் குடிவந்தவர்கள் அப்படியே இருந்துவிட்டோம். அவர் ஐந்து வேளையும் தொழுவார், நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்குப் போவேன். கடைசிவரை ஒருவரையொருவர் வாங்க, போங்க என்றுதான் கூப்பிட்டோம். நான் அவரை டீச்சர் என்பேன், அவர் என்னை ஆபீசர் என்பார்.

நாற்பத்தொரு வயதில் டீச்சருக்கு ஒரு வரன் வந்தது. கூத்தாநல்லூரிலேயே கடை வைத்திருப்பவர், மனைவியை இழந்தவர், நல்ல மனிதர். டீச்சர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "சரின்னு சொல்லிடலாமா ஆபீசர்?" என்று கேட்டார். "சொல்லுங்க, இதுல யோசிக்க என்ன இருக்கு," என்றேன். மனசாரத்தான் சொன்னேன். கல்யாணத்துக்குப் போனேன், பிரியாணி சாப்பிட்டேன், வாசலில் நின்று வந்தவர்களை வாங்க வாங்க என்றும் சொன்னேன். டீச்சர் சொந்த ஊருக்கே மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கூத்தாநல்லூர் ஒன்றும் கண்காணாத தேசம் இல்லை. மன்னார்குடி போய் இன்னொரு பஸ் பிடித்தால் வந்துவிடும். ஆனால் ஒரு வருஷம் ஆகியும் நான் போகவில்லை. போனில், "எப்ப வர்றீங்க?" என்பார். "இந்த நடவு முடியட்டும்," என்பேன்.

அலுவலகத்தில் என்னோடு வேலை பார்க்கும் பெண் என் மாற்றத்தைக் கவனித்திருக்கிறாள். "மேடம், எங்க அண்ணன் ஒரு லைஃப் கோச்சுகிட்ட பேசினாரு. ஆளே மாறிட்டாரு. நீங்களும் பேசிப் பாருங்களேன்," என்றாள். தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னாள். "இல்லன்னா தஞ்சாவூர்ல மனசு கஷ்டத்துக்குப் பாக்குற ஒரு கவுன்சிலர் இருக்காங்க."

இரண்டில் யாரிடம் போவது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. கோச் என்றால் பயிற்சி. நானே ஊருக்கு ஊர் பயிற்சி நடத்துகிறவள். கவுன்சிலர் என்றால் மனநல மருத்துவமனையில் பெயர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு என்ன, பைத்தியமா? கோச்சையே பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலைகளில் வீடியோவில் வருவார். சென்னைக்காரர், என்னைவிட இளையவர். "அடுத்த வருஷம் இதே நேரம் நீங்க எங்க இருக்கணும்னு ஆசைப்படுறீங்க மேடம்?" என்று முதல் நாளே கேட்டார். "இங்கதான்," என்றேன். சிரித்துவிட்டு, இதுவரை செய்யாத ஒன்றைச் சொல்லச் சொன்னார். கார் ஓட்டத் தெரியாது என்றேன்.

அதைப் பிடித்துக்கொண்டார். வாரத்துக்கு ஒரு வேலை கொடுப்பார், நான் செய்துவிட்டுச் சொல்வேன். புதுஆற்றுக் கால்வாய்க் கரைச் சாலையில் கார் ஓட்டப் பழகினேன். பழைய கார் ஒன்று வாங்கினேன், வெள்ளை நிறம். அதிகாலையில் எழுந்து நடந்தேன். பூசை முடிந்ததும் உடனே ஓடாமல் கோயில் வாசலில் நின்று நாலு பேரிடம் பேச வேண்டும் என்றார். நின்றேன். "எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டார்கள். பதில் சொன்னேன். அவர் கொடுத்த எதையும் நான் செய்யாமல் விட்டதில்லை. ஆனால் சாயங்காலம் கதவைத் திறந்தால் வீடு முன்போலத்தான் இருந்தது.

தை மாதம், அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கியிருந்த சமயம், அந்த வார வேலை என்னவென்று கோச் என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னார். டீச்சரைப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். வருகிறேன் என்று டீச்சருக்குச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டிக்கொண்டு போனேன். டீச்சருக்குப் பிடித்த பட்டாணிக் கடலை மடியில் இருந்தது. மன்னார்குடியில் நெரிசல். அதையும் கடந்தேன். கூத்தாநல்லூரில் வழி கேட்டு அவர் தெருவைக் கண்டுபிடித்தேன். தெருமுனையில் வண்டியை நிறுத்தினேன். வீடு தெரிந்தது. மாடியில் துணி காய்ந்தது, அவருடைய பச்சைத் துப்பட்டாவும் கிடந்தது. எங்கள் வீட்டுக் கொடியில் காய்ந்த துப்பட்டா.

இறங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு வண்டியைத் திருப்பினேன். அவசர வேலை வந்துவிட்டது என்று டீச்சருக்குப் போன் செய்தேன்.

கோச்சிடம் நடந்ததைச் சொன்னேன். திட்டமிடல் பற்றி ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை எடுக்கவே இல்லை.

"மேடம், போக நினைக்கிற இடத்துக்கு வழி சொல்றதுதான் என் வேலை. உங்களுக்கு வேற ஏதோ வலி இருக்கு. அதைத் தொட எனக்குப் படிப்பு இல்ல. ஒரு கவுன்சிலரைப் பாருங்க. இதைத் தள்ளிப் போடாதீங்க."

நேர்மையான பேச்சு என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, இவரும் போகிறார் என்றுதான் தோன்றியது. நன்றி சொல்லி வீடியோவை அணைத்தேன். மாசி முழுக்க எங்கேயும் போகவில்லை. காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துக் கிடந்தபோது, நான் செத்துப்போனால் அலுவலகத்தில்தான் முதலில் தெரியும் என்று நினைத்தேன். அழுகைகூட வரவில்லை. அந்த நினைப்பு பழகிப்போன ஒன்றாக இருந்தது எனக்கே பயமாக இருந்தது. எழுந்ததும் தஞ்சாவூருக்குப் போன் செய்து நேரம் வாங்கினேன்.

பங்குனியில் தஞ்சாவூர் போனேன். காத்திருக்கும் இடத்தில் முகத்தை மறைப்பதுபோல் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். "ஆபீசரம்மா," என்று ஒரு குரல். எங்கள் வட்டாரத்து விவசாயி, மனைவியோடு உட்கார்ந்திருந்தார். எனக்குக் காது சுட்டது. நான் எதற்கு வந்தேன் என்று அவர் கேட்கவில்லை. "உளுந்து இலையெல்லாம் மஞ்சளா தேமல் அடிக்குதும்மா. என்ன செய்யலாம்?" என்றார். வெள்ளை ஈயால் பரவுகிறது, தாக்கிய செடிகளை முதலில் பிடுங்கிவிடுங்கள் என்றேன். அவர் மனைவி சிரித்து, "இங்க வந்துமா அவங்கள விடமாட்டீங்க?" என்றார். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

கவுன்சிலரிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் எதையும் எழுதவில்லை.

"யாரு போயிட்டாங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"யாரும் போகலைங்க. அவங்களுக்குக் கல்யாணம் ஆச்சு. நல்ல விஷயம்தான்."

"நல்ல விஷயம்தான். உங்க வீட்டை விட்டுப் போயிட்டாங்க, இல்லையா?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். கல்யாணத்தன்று வராத அழுகை அப்போது வந்தது. அவர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். கிளம்பும்போது, "வீட்டுக்குப் போய் நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் வேணாம். அடுத்த வாரம் வாங்க," என்றார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஆனாலும் போனேன். சித்திரை, வைகாசி முழுக்கப் போனேன். சில நாள் பேசவே எதுவும் இருக்காது. கணவன் செத்தால் துக்கம் கேட்க வருகிறார்கள், கூடவே இருந்த தோழி கல்யாணமாகிப் போனால் என்னவென்று கேட்பார்கள் என்றேன் ஒரு நாள். அதுதான் நான் அங்கே சொன்ன பெரிய விஷயம்.

குறுவை சாகுபடிக்கு ஆற்றில் தண்ணீர் வந்த வாரம் டீச்சர் போன் செய்தார். "டீச்சர், அவசர வேலைன்னு சொன்னேனே, அன்னிக்கு நான் வந்தேன். உங்க தெருமுனை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டேன்," என்றேன்.

 டீச்சர் மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளைக் காரா?"

"ஆமா."

"மாடியிலேர்ந்து பாத்தேன். உங்கள மாதிரியே இருந்துச்சு. உங்களுக்குத்தான் ஓட்டத் தெரியாதேன்னு நெனச்சுக்கிட்டேன்."

கார் வாங்கியதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் அழுதார். நானும் அழுதேன். புது வீட்டில் அவருக்கும் ராத்திரிச் சாப்பாட்டு நேரம் கஷ்டமாக இருக்கிறது என்றார். எல்லோரும் நன்றாகத்தான் நடத்துகிறார்கள், ஆனால் கணக்குப் பேப்பர் திருத்தும்போது பக்கத்தில் யாரும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை என்றார்.

இப்போது மாதம் ஒரு முறை தஞ்சாவூர் போகிறேன், மாதம் ஒரு முறை கூத்தாநல்லூர். மற்ற ஞாயிற்றுக்கிழமைகள் நீளமாகத்தான் இருக்கின்றன. போன வாரம் வீட்டு ஓனர் வந்து, "டீச்சர் இருந்த ரூமுக்கு வேற ஒரு டீச்சரம்மா கேக்குறாங்க, விடலாமா?" என்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க," என்றேன்.