இரண்டாம் பாகம் யாருக்கு?

நகரில் வதிவுப் பதிவு உள்ள எவரும் அடையாள அட்டையைக் காட்டிப் புத்தகம் இரவல் பெறலாம். இத்தாலியின் பலெர்மோ நகரில் எங்கள் தெருவுக்கு அருகிலிருந்த நூலகத்தின் விதி அது; வாசலிலேயே சட்டம் போட்டுத் தொங்கியது. 'எவரும்' என்ற சொல்லுக்கு அதில் விலக்கு ஏதும் இல்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்கு ஒன்பது வயது. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்த பெரியம்மா, வசதியானவர்கள் வாழும் லிபெர்த்தா வீதியில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது எசமானியம்மாவின், வீட்டில் தரை துடைத்தார். அந்த வீட்டுக் கண்ணாடி அலுமாரியில், விக்டோரியா மகாராணி காலத்துப் பெண் எழுத்தாளர் ஒருவரின் ஆங்கில நாவல் இரண்டு பாகங்களாக இருந்தது. விருந்தினர் பார்ப்பதற்காக வாங்கியது. தூசு தட்டும் சாக்கில் பெரியம்மா முதல் பாகத்தை வாசித்து முடித்தார். பணக்காரர் தர்மம் செய்வதையும் கல்யாணம் பேசுவதையும் அந்த எழுத்தாளர் எப்படிக் கிண்டலடிக்கிறார் என்று எங்களுக்குச் சொல்லிச் சிரிப்பார்.

"செத்து நூறு வருசம். பலெர்மோப் பக்கம் வந்ததுமில்லை. எங்கட சிஞ்ஞோராவை எங்கை கண்டவ?"

சிஞ்ஞோரா ஒருநாள் அவர் வாசிப்பதைக் கண்டுவிட்டார். அலுமாரிக்குப் பூட்டு வந்தது. பெரியம்மா இரண்டாம் பாகம் தேடி நூலகத்துக்குப் போனார். அவருடைய சமையலறை இத்தாலியன் போதாதென்று என்னையும் கூட்டிப்போனார்.

நூலக மேசையில் இருந்த அலுவலர் நாங்கள் எடுத்துக் கொடுத்த புத்தகத்தையும் பெரியம்மாவின் கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். வேலை செய்யும் வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு என்றால் உடனே தருவாராம். பெரியம்மாவுக்கு என்றால் வேலை கொடுப்பவரின் கடிதம் வேண்டுமாம்.

"சிஞ்ஞோராவுக்கெண்டு சொல்லுவம் பெரியம்மா. தந்திடுவார்."

"எனக்கெண்டு சொல்லு."

"சின்னப் பொய்தானே..."

"எனக்கெண்டு சொல்லடி!"

சொன்னேன். புத்தகம் உள்ளே போய்விட்டது.

அன்று மாலையே பெரியம்மா நூலக நிர்வாகத்துக்கு முறைப்பாடு எழுதினார். ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா பக்கத்தில் இருந்து திருத்தினார்.

"கடைசியில 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியை' எண்டு போடுங்கோ அக்கா. அதுதான் முறை."

"காலமை எட்டு மணியிலயிருந்து அதுதானே தம்பி நான். கடுதாசியிலயும் வேணுமோ?"

கையெழுத்தின் கீழே 'வாசகி' என்று போட்டார். நான் இத்தாலியனில் எழுதிக் கொடுத்தேன். பதில் இல்லை. மாதம் ஒரு நினைவூட்டல் போனது, அதே விதியைக் காட்டி.

நடுவில் சிஞ்ஞோராவின் மகள் இரக்கப்பட்டு இரண்டாம் பாகத்தை ஒரு பையில் சுற்றிக் கொடுத்தாள். யாருக்கும் தெரியாமல் வாசித்துவிட்டுக் கொண்டுவரச் சொன்னாளாம். பெரியம்மா நன்றி சொல்லி அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். கதையின் முடிவுக்காகக் காத்திருந்த எனக்கு அழுகையே வந்தது. புத்தகம் கேட்டுக் கடிதமாக எழுதுகிறவர், கைக்கு வந்த புத்தகத்தை ஏன் விட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. வயது போனால் பிடிவாதம் கூடும் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

பதினோராவது நினைவூட்டலுக்குப் பிறகு, விதி எவருக்கும் பொருந்தும், அட்டையுடன் வரலாம் என்று இரண்டே வரியில் பதில் வந்தது. அன்று தைப்பொங்கல்; பெரியம்மா அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாகம் வாங்கப் புறப்பட்டார்.